அக்கி ஆறியும் வலி ஆறாதது ஏன்? தண்டுவடத்தில் தங்கிவிடும் வலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு 71 வயதில் இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளமெல்லாம் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வலி மட்டும் ஆடியில் ஆரம்பித்து பொங்கல் தாண்டியும் கூடவே இருந்தது, ரவிக்கை பட்டாலே எரிந்தது. நான் பிசியோதெரபி மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுப்பவள், டாக்டர் இல்லை. வருடா வருடம் வலிப் பாடத்துக்குக் கரும்பலகையில் போடும் படத்தை அந்த வருடம் வீட்டில் நேரில் பார்த்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கேட்டதும் வகுப்பில் பிள்ளைகள் கேட்டதும் கலந்து கீழே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரை அளவை மட்டும் யாரும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

புண் ஆறி நாலு மாதம் ஆகிறது. இன்னும் வலிக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஆறாமல் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்?

காலில் முள் குத்தினால் வலிக்கும், எடுத்தால் போகும், ஆகவே வலி இருக்கிறது என்றால் முள் இருக்கிறது. பிறந்ததிலிருந்து நமக்குத் தெரிந்த கணக்கு இதுதான், புதிதாக வந்த வலிக்குப் பெரும்பாலும் சரியான கணக்கும்கூட. மூன்று மாதம் தாண்டிய வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்று தனியாக வைக்கிறார்கள். அக்கியில் தோல் சிவந்த நாளிலிருந்து 90 நாள் கடந்தும் வலித்தால் அதற்கு ‘அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி’ என்றே பெயர்.

இந்தக் கட்டத்தில் தோலில் தழும்பையும் நிறமாற்றத்தையும் தவிர ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சு ஒன்றில் பல பத்து வருடங்கள் சத்தமில்லாமல் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் எழுந்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. அக்கி உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக ஓடுவது அதனால்தான். வந்த வழியெல்லாம் நரம்பைப் புண்ணாக்கிவிட்டு வருகிறது, அந்த நரம்பின் இன்னொரு முனை தண்டுவடத்துக்குள் போகிறது. தோல் ஆறிய பிறகும் வலியைக் கிளப்பிவிடுவது இந்த இரண்டு இடங்கள்: காயம்பட்ட நரம்பு, அது போய்ச் சேரும் தண்டுவடம். முதலாவது பற்றி டாக்டர்களே சொல்வார்கள், இரண்டாவது பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தண்டுவடம் வெறும் ஒயர்தானே? தோலில் நடப்பதை மூளைக்குக் கொண்டுபோவதைத் தவிர அதற்கு என்ன வேலை?

என் மாணவர்களும் முதல் நாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருவார்கள். சுண்டுவிரல் கனத்தில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளத்தில், முதுகெலும்புக்குள் இறங்கும் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு பகுதி தெரியும். அதன் பின்பக்க இறக்கைகளுக்குப் பின்கொம்பு என்று பெயர். பூனையின் தண்டுவடத்தை வைத்து ரெக்செட் என்ற ஆய்வாளர் 1952இல் அந்தச் சாம்பல் பகுதியை 10 அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார், இன்றைக்கும் அந்த எண்களைத்தான் சொல்கிறோம். வலி நரம்புகள் பெரும்பாலும் முதல் இரண்டு அடுக்குகளில் வந்து முடிகின்றன, தொடுகை நரம்புகள் இன்னும் கொஞ்சம் ஆழத்தில்.

முடிகின்றன என்பதைக் கவனியுங்கள். தோலிலிருந்து வந்த நரம்பணு அங்கே நின்றுவிடுகிறது, செய்தியை அடுத்த நரம்பணுவிடம் கைமாற்றிவிட வேண்டும். சினாப்ஸ் எனப்படும் அந்தக் கைமாற்றும் இடத்தில் மேலே எதை அனுப்பலாம், எவ்வளவு அனுப்பலாம் என்று சுற்றியிருக்கும் சின்னச் சின்ன நரம்பணுக்கள் கூடிப் பேரம் பேசுகின்றன. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட ‘கேட் கன்ட்ரோல்’ கோட்பாடு இதைத்தான் சொன்னது: தண்டுவடத்தில் ஒரு வாசற்கதவு இருக்கிறது, தொடுகை நரம்புகள் அதைச் சாத்தவும் முடியும். நிலைப்படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே குனிந்து பரபரவென்று தேய்க்கிறோமே, அதுதான் கதவைச் சாத்துவது. அவர்கள் போட்ட படத்தின் விவரங்கள் பலவும் பின்னால் திருத்தப்பட்டன. கதவு இருக்கிறது என்ற விஷயம் நின்றுவிட்டது.

இடித்தபோது முதலில் சுரீரென்று ஒன்று வரும், ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று இன்னொன்று வரும், கவனித்திருப்பீர்கள். முதலாவது மெல்லிய உறை போட்ட நரம்பு, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். இரண்டாவது உறையே இல்லாத சி வகை நரம்பு, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். நம் கதைக்கு முக்கியமானது இந்த ஆமைதான்.

சினாப்ஸ், சினாப்ஸ் என்கிறீர்களே, அதில் அப்படி என்னதான் மாறுகிறது?

இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்தான் சினாப்ஸ். சந்திக்கும் என்றாலும் ஒட்டிக்கொள்வதில்லை, நடுவில் 20 நானோமீட்டர் அளவுக்கு ஒரு சந்து. இந்தப் பக்கத்து அணு குளுட்டமேட் என்ற ரசாயனத்தைச் சந்துக்குள் விடுகிறது, எதிர்ப்பக்கத்து அணுவின் மேல் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டு திறக்கின்றன, மின்னூட்டம் உள்ளே பாய்கிறது, செய்தி போய்ச் சேர்ந்தது.

ஏற்பிகளில் இரண்டு வகையை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று ஆம்பா, அன்றாட வேலைக்காரன், குளுட்டமேட் வந்தால் உடனே திறக்கும், உடனே மூடும். இன்னொன்று என்எம்டிஏ. இதன் துளையில் மக்னீசியம் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், 1984இல் கண்டுபிடித்தார்கள். லேசான வலிச் செய்தி ஒன்றிரண்டு வந்தால் தக்கை அசையாது. ஆனால் சி நரம்புகள் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், கூடவே அவை பொருள் பி (சப்ஸ்டன்ஸ் பி) போன்ற பெப்டைடுகளையும், அதாவது சின்னப் புரதத் துண்டுகளையும் விடும் என்பதால், எதிர்ப்பக்கத்து அணுவின் மின்னழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் மக்னீசியம் வெளியே தள்ளப்படுகிறது. இப்போது அந்தத் துளை வழியாகக் கால்சியம் உள்ளே கொட்டுகிறது.

கால்சியம் உள்ளே போனால் அதோடு நிற்காது. கைனேஸ் எனப்படும் நொதிகளை எழுப்புகிறது, அவை இருக்கிற ஆம்பா ஏற்பிகளை முடுக்கிவிட்டு, உள்ளே கையிருப்பில் இருக்கும் ஆம்பாக்களையும் சந்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நட்டுவிடுகின்றன. கொஞ்ச நேரம் போனால் மரபணுக்கள் வரைக்கும் தகவல் போய்ப் புதுப் புரதங்கள் தயாராகின்றன. விளைவு என்னவென்றால், முன்பு எவ்வளவு குளுட்டமேட் வந்ததோ அதே அளவு வந்தாலும் இப்போது எதிர்ப்பக்கம் இரண்டு மடங்கு கத்தும். தோலில் ஒன்றும் கூடவில்லை, கேட்கிற காதுதான் பெரிதாகிவிட்டது.

இது நினைவாற்றல் பாடத்தில் வருவது மாதிரியே இருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு வகுப்பிலேயே கைதட்டச் சொன்னேன். ஆமாம், ஏறக்குறைய அதேதான். பிளிஸ்ஸும் லோமோவும் 1973இல் முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஒரு சினாப்ஸைத் தொடர்ந்து தூண்டிப் பார்த்தார்கள், தூண்டலை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் அது வலுவாகவே இருந்தது. கற்றதும் நினைவில் நிற்பதும் இப்படித்தான் என்று அப்புறம் ஒரு துறையே கிளம்பியது. வியன்னாவில் சாண்ட்கூலர் குழு 2003இலும் 2006இலும் எலித் தண்டுவடத்தின் முதல் அடுக்கில் இதே பழக்கத்தைக் காட்டியது. எனக்குப் பிடித்தது 2006இல் வந்ததுதான். ஹிப்போகாம்பஸில் இந்த மாற்றத்தைக் கொண்டுவர நொடிக்கு 100 முறை என்று மின்சாரத்தால் அடிப்பது வழக்கம், உயிருள்ள சி நரம்பு பொதுவாக அப்படி அடிக்காது என்று ஒரு ஆட்சேபம் இருந்தது. இவர்கள் நொடிக்கு 2 முறை மட்டும், அதாவது வீங்கிய பாதத்திலிருந்து இயல்பாக வரும் வேகத்தில் தட்டியே சினாப்ஸை வலுவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் ‘வலி ஒரு ஞாபகம்தான்’ என்று இதைச் சுருக்கிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா எதையும் நினைத்துக்கொண்டு முனகவில்லை. தண்டுவடத்தில் நடக்கும் இந்தக் கற்றல் நமக்குத் தெரியாமலே நடப்பது, சைக்கிள் ஓட்டக் கற்ற கால் மாதிரி.

தண்டுவடத்தில் மாறுகிறது என்று முதலில் யார் கண்டுபிடித்தது?

கொஞ்சம் முன்னோட்டம் 1960களிலேயே உண்டு. சி நரம்பை ஒரே அளவில் திரும்பத் திரும்பத் தூண்டினால் பின்கொம்பு அணு ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாகத் துள்ளுகிறது என்று லோர்ன் மெண்டெல் என்ற ஆய்வாளர் பார்த்தார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் ஏறுவதால் அதற்கு ‘வைண்ட்-அப்’ என்று பெயர் வந்தது. அது தூண்டும்வரைதான்.

அதற்குப் பிறகும் நீடிக்கிற மாற்றத்தைக் காட்டியது கிளிஃபோர்ட் உல்ஃப், 1983, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், ‘நேச்சர்’ இதழ். எலியின் பாதத்தில் சூட்டுக் காயம், காலை இழுத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் எவ்வளவு சின்னத் தூண்டலுக்கே கிளம்புகிறது என்று அளந்தார். காயத்துக்குப் பிறகு தொட்டாலே இழுத்தது. சரி, காயத்திலிருந்து செய்தி வந்துகொண்டே இருப்பதால் இருக்கும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே, காயத்தை மரத்துப்போக ஊசி போட்டார். அப்போதும் அந்த அனிச்சை பழைய நிலைக்கு இறங்கவில்லை. காயம் பேசாமல் இருக்கிறது, தண்டுவடம் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்டுவடமே இப்படிக் கூர்மையாகிவிடுவதை மையக் கூருணர்வு என்று இன்று சொல்கிறோம், அந்தக் கருத்தின் தொடக்கம் இது.

அம்மாவுக்கு ரவிக்கை பட்டாலே எரிந்தது என்றீர்களே. துணி பட்டால் எப்படி வலிக்கும்?

பட்டால் மட்டுமா, ஃபேனைப் போட்டால் “காத்துகூடக் குத்துதுடி” என்பார். ஆனால் அதே இடத்தில் உள்ளங்கையை அகலமாக வைத்து அழுத்திப் பிடித்தால் பரவாயில்லை என்பார். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. அழுத்தினால் வலிக்காதாம், காத்துப் பட்டால் வலிக்குமாம், நல்லா இருக்கே கதை என்று பெரியப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார்.

வலி மருத்துவர் ஒருவரிடம் போனபோது அவர் பஞ்சு உருண்டையிலிருந்து ஒரு இழை பிய்த்தெடுத்தார். தழும்புக்கு நாலு விரற்கடை தள்ளி நல்ல தோலில் ஆரம்பித்து உள்நோக்கி மெதுவாக வருடிக்கொண்டே வந்தார், அம்மா முகம் சுளித்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி. இப்படிச் சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு புள்ளி வைத்துச் சேர்த்தால், தழும்பைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிய ஒரு வட்டம். கொப்புளமே வராத தோலும் அதற்குள் இருந்தது. வகுப்பில் நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அம்மா விலாவில் நீல மையில் கிடந்தது.

அந்த வட்டத்துக்குள் பஞ்சு பட்டுக் கிளம்பிய செய்தி வலி நரம்பில் வந்ததில்லை, சாதாரணத் தொடுகை நரம்பில் வந்தது. 1992இல் ஸ்வீடனில் டோரிபியோர்க்கும் கூட்டாளிகளும் இதை மனிதர்களிலேயே காட்டினார்கள். ஒரே ஒரு தொடுகை நரம்பிழைக்குள் மெல்லிய ஊசிமுனையால் மின்சாரம் கொடுத்தால், ஆள் ‘யாரோ தொடுவது மாதிரி இருக்கிறது’ என்றார். பிறகு அந்தத் தோலுக்குப் பக்கத்தில் கேப்சைசின், அதாவது மிளகாயின் காரச்சத்தை, ஊசியால் செலுத்தினார்கள். பச்சை மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைத் தொட்டவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. சுற்றுவட்டம் கூருணர்வு பெற்றதும் அதே இழைக்கு அதே மின்சாரம், இப்போது ‘வலிக்கிறது’ என்றார். ஊசி நரம்பிலேயே இருப்பதால் தோலில் நடப்பது எதுவும் இதற்குக் காரணமாக முடியாது. தொடுகை தண்டுவடத்துக்குள் நுழைந்த பிறகு வலியின் வழியில் மாறிப் போகிறது.

நல்ல நாளில் அது ஏன் மாறிப் போவதில்லை?

பிரேக் இருப்பதால். பின்கொம்பு நரம்பணுக்களில் கணிசமானவற்றின் வேலையே அடக்குவதுதான், காபா, கிளைசின் என்ற இரண்டு ரசாயனங்களால். அவை எதிரணுவின் மேல் குளோரைடு வாசலைத் திறந்துவிடும், குளோரைடு உள்ளே போகும், அணு அடங்கும். இது நடக்க வேண்டுமானால் அணுவுக்குள் குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். அதை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பது கேசிசி2 என்ற ஒரு பம்ப்.

நரம்பு காயம்பட்டால் அந்தப் பம்ப் குறைந்துபோகிறது என்று கனடாவில் டி கோனின்க் குழு 2003இல் கண்டது. பம்ப் குறைந்தால் உள்ளே குளோரைடு தேங்கும். மழைக்காலத்தில் தெருச் சாக்கடை நிரம்பிவிட்டால், வெளியே போக வேண்டிய தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாக உள்ளே எகிறி வருமே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. அதே வாசல், அதே காபா, ஓட்டம் மட்டும் தலைகீழ். அடக்க வேண்டிய காபா சில அணுக்களைக் கிளப்பியே விடுகிறது. பம்ப்பைக் குறைக்கச் சொன்னது யார் என்று பார்த்தால் மைக்ரோக்ளியா. நரம்பு மண்டலத்தின் துப்புரவுப் பணியாளர், காவல்காரர் எல்லாம் அதுதான். நரம்பு அடிபட்டதும் விழித்துக்கொண்டு பிடிஎன்எஃப் என்ற புரதத்தை விடுகிறது, அது பம்ப்பைக் கீழே இறக்குகிறது. இது 2005இல் வந்தது.

அழகான கதை, இல்லையா? நானும் பல வருடம் இப்படியே நடத்தினேன். 2015இல் ஒரு ஆய்வு வந்தது: மைக்ரோக்ளியாவைத் தடுத்தால் ஆண் எலிகளுக்கு வலி குறைகிறது, பெண் எலிகளுக்குக் குறையவில்லை, அவை வேறு வழியில், எதிர்ப்பு அணுக்கள் மூலமாக, அதே வலிக்கு வந்து சேருகின்றன. அதுவரை நடந்த வலி ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண் எலிகளை வைத்துத்தான். நாள்பட்ட வலியால் அதிகம் அவதிப்படுவது பெண்கள். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் வலி முழுக்கத் தண்டுவடத்தில்தான் இருக்கிறதா?

இல்லை, இந்தப் பேச்சு எல்லை மீறிப் போகிற இடம் இதுதான். அக்கி வலியில் காயம்பட்ட நரம்பே தானாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கலாம். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஒட்டுப்பட்டையைத் தோலில் போட்டாலே சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, தண்டுவடம் மட்டும்தான் காரணம் என்றால் அது கேட்கக் கூடாது. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் இன்னும் தெளிவு: உடம்பெங்கும் கூருணர்வு ஏறியிருந்த நோயாளிகள் சிலருக்கு மூட்டை மாற்றி வலி நின்றதும் அதுவும் இறங்கிப் பழைய நிலைக்கு வந்தது. கீழேயிருந்து விறகு தள்ளுவது நின்றால் மேலே அடுப்பும் பலருக்கு அணையும். எல்லாருக்கும் அணைவதில்லை, மூட்டு மாற்றிய பிறகும் வலியோடு இருப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஸ்கேனில் தெரியுமா?

தெரியாது. எம்ஆர்ஐ மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கும், சினாப்ஸ் சந்து 20 நானோமீட்டர். அம்மாவின் எம்ஆர்ஐ அறிக்கையில் ‘வயதுக்கேற்ற தேய்மானம்’ என்ற ஒரு வரியைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த ஒரு மருத்துவர் (பெயர் வேண்டாம்) கோப்பை மூடிக்கொண்டே “ஒண்ணும் இல்லைம்மா, மனசை ஃப்ரீயா வெச்சுக்கோங்க” என்றார். அம்மா ஆட்டோவில் வீடு வரும்வரை பேசவில்லை. இன்னொரு பக்கம், இன்னாருக்கு மையக் கூருணர்வு இருக்கிறது என்று அடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. பஞ்சு, குண்டூசி, கேட்டறிதல், இவ்வளவுதான். அதனாலேயே காரணம் தெரியாத எல்லா வலிக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடும் பழக்கமும் பெருகுகிறது.

அப்போ மனசுக்கு இதில் பங்கே இல்லையா?

உண்டு, அதற்கு ஒயரிங்கே இருக்கிறது. மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கி பின்கொம்பு வரை வரும் நரம்புகள் நார்அட்ரினலின், செரட்டோனின் இரண்டையும் விட்டு அந்தச் சினாப்ஸ்களை அடக்கவும் செய்யும், சில சமயம் தூண்டவும் செய்யும். பயம், தூக்கமின்மை, ‘யாரும் நம்பவில்லையே’ என்ற ஆத்திரம் எல்லாம் இந்த வழியில்தான் இறங்கி வருகின்றன. அதனால் அமைதியாக இருங்கள் என்று சொல்வது தவறில்லை. வலியே பொய் என்கிற தொனியில் சொல்வதுதான் தவறு.

வலிக்கு வலிப்பு மாத்திரையும் மன அழுத்த மாத்திரையும் எழுதித் தருகிறார்களே, சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

மருந்துக்கடைப் பையன் அம்மாவிடம் “ஃபிட்ஸ் வருமா பாட்டி?” என்று கேட்டுவிட்டான், அன்றைக்கு அம்மா அதைப் போடவே இல்லை. கபாபென்டின் அமெரிக்காவில் 1993இல் வலிப்புக்கென்றுதான் அனுமதி வாங்கியது, உண்மை. ஆனால் அது போய் ஒட்டும் இடம், நரம்பு முனையில் கால்சியம் வாசலோடு சேர்ந்திருக்கும் ஆல்ஃபா-2-டெல்டா என்ற துணைப்புரதம். நரம்பு அடிபட்டால் தண்டுவடத்தில் அது பெருகுகிறது. அதை அடக்கினால் சந்துக்குள் கொட்டும் குளுட்டமேட் குறைகிறது. ப்ரிகாபலினும் இதே வம்சம். மன அழுத்த மாத்திரைகளான அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் இரண்டும் மேலே சொன்ன இறங்கு வழியின் நார்அட்ரினலினை வலுப்படுத்துகின்றன. பாராசிட்டமாலும் புரூஃபனும் பெரும்பாலும் வேலை செய்யும் இடங்கள் வேறு, அதனால் இந்த வலிக்குச் சரியாகக் கேட்பதில்லை.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். அக்கி வலிக்குக் கபாபென்டின் போட்டால் பத்துப் பேரில் மூன்று பேருக்கு வலி பாதியாவது குறைகிறது, மருந்தில்லாத மாத்திரையிலேயே ஒன்றிரண்டு பேருக்குக் குறைகிறது. வயதானவர்களுக்குத் தலைசுற்றும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவார்கள், சிறுநீரகம் பலவீனமென்றால் அளவைக் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. டாக்டரிடம் இவை நான்கையும் கேளுங்கள்.

சினாப்ஸ் பற்றி இவ்வளவு தெரிந்தும் நேரடியாக ஒரு மருந்து ஏன் இல்லை?

என்எம்டிஏவை அடைக்க கேட்டமின் இருக்கிறது, மயக்க மருந்து. அடைக்கவும் செய்கிறது. ஆனால் அதே ஏற்பி மூளை முழுக்க இருப்பதால் அளவு கூடினால் ஆள் வேறு உலகத்துக்குப் போய்விடுவார். பொருள் பி ஏற்பியை அடைக்கும் மருந்துகள் எலிகளில் பிரமாதம், மனித வலியில் படுதோல்வி. அந்த வகையில் வந்த அப்ரெபிடன்ட் 2003இல் கீமோதெரபி வாந்தியை நிறுத்தும் மருந்தாகப் பிழைத்துக்கொண்டது. பிலிப்பைன்ஸ் கடலின் கூம்பு நத்தை விஷத்திலிருந்து வந்த ஜிகோனோடைடு, 2004 அனுமதி, சினாப்ஸின் கால்சியம் வாசலையே மூடுகிறது, ஆனால் முதுகில் குழாய் வைத்து நேராகத் தண்டுவட நீருக்குள் விட வேண்டும். மார்ஃபின் வகையறா தண்டுவடத்தில் நன்றாக அடக்கும், எனினும் எலிகளில் அதைச் சட்டென்று நிறுத்தினால் அந்த நிறுத்தமே சினாப்ஸை வலுவாக்கிவிட்டது என்று வியன்னாவில் 2009இல் பார்த்தார்கள்.

அக்கி எழுதினோம், அதனால்தான் உள்ளே தங்கிவிட்டதா? வராமல் தடுக்க வழி உண்டா?

குயவரிடம் போய்க் காவி மண் பூசி அக்கி எழுதுவது எங்கள் ஊரிலும் உண்டு, அம்மாவும் எழுதிக்கொண்டார். ஈரக் காவி குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சலுக்கு இதம். அதனால் வலி உள்ளே போய்விடாது, வைரஸ் உள்ளேயிருந்துதான் வந்ததே. எங்கள் தப்பு வேறு. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், நாங்கள் செவ்வாய், வெள்ளி என்று எழுதும் கிழமைக்குக் காத்திருந்து ஆறாம் நாள்தான் டாக்டரிடம் போனோம். எழுதுவதானால் மாத்திரையை முதலில் வாங்கிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கொப்புளத்தையும் ஆரம்ப வலியையும் குறைக்கும், பின்னால் வரும் நீண்ட வலியைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதற்குத் தடுப்பூசிதான் நல்ல வழி. ஷிங்ரிக்ஸ் 2023இலிருந்து இந்தியாவில் கிடைக்கிறது, 50 வயதுக்கு மேல், இரண்டு தவணை. அக்கி வருவதையே பத்தில் ஒன்பது பேருக்குத் தடுக்கிறது. விலை அதிகம், கேட்டதும் எனக்கும் பகீரென்றது. கணவரும் நானும் போட்டுக்கொண்டோம்.

அடிபடுவது எல்லாருக்கும் நடக்கிறது. எல்லார் தண்டுவடமும் ஏன் இப்படி ஆகவில்லை?

சினாப்ஸ் வலுவாவது எல்லாருக்கும் நடக்கும், சுளுக்கின கணுக்காலைச் சுற்றி இரண்டு நாள் தொடவே முடியாதிருப்பது அதுதான், காலை ஊன்றாமல் பார்த்துக்கொள்ள அது தேவையும்கூட. பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அக்கியில் வயது கூடக் கூட, ஆரம்ப வலியும் கொப்புளமும் கடுமையாக இருக்க இருக்க, இறங்காமல் போகும் வாய்ப்பு ஏறுகிறது. ஆரம்ப வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

இப்போது அம்மா எப்படி இருக்கிறார்?

மாசிக்கு மேல்தான் குறைய ஆரம்பித்தது. மாத்திரை ஒரு பங்கு, காலம் ஒரு பங்கு. தினமும் குளித்ததும் பழைய பருத்திப் புடவைத் துண்டால் வட்டத்துக்கு வெளியிலிருந்து உள்ளே ஒரு விரல் அளவு வருடச் சொன்னார்கள், முதல் வாரம் அம்மா என்னைத் திட்டிக்கொண்டேதான் செய்தார். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சித்திரையில் மறுபடி பஞ்சை எடுத்துப் பேனாவால் வட்டம் போட்டேன், தழும்புக்குள்ளேயே அடங்கிவிட்டது, உள்ளங்கையில் பாதி இருக்கும். ரவிக்கை போடுகிறார், ஃபேன் இரண்டில் ஓடுகிறது. மூன்றில் வைத்தால் இன்னும் எழுந்து வந்து குறைத்துவிட்டுப் போகிறார்.